மளிகைக் கடைக்கு எந்த பார்கோடு ஸ்கேனர்? மூன்று வாங்கிப் பார்த்தாச்சு

கடை ஆரம்பித்தபோது இருந்ததிலேயே மலிவு என்று ஒரு லேசர் ஸ்கேனர் வாங்கினேன். விசையை அழுத்தினால் சிவப்புக் கோடு விழுமே, அதுதான். சோப்பு டப்பா, அட்டைப்பெட்டி எல்லாம் டக்கென்று படிக்கும். ஆனால் ஈரமான பால் பாக்கெட்டும் கசங்கிய பிஸ்கட் கவரும் வந்தால் போச்சு, துடைத்து, இழுத்துப் பிடித்து, கடைசியில் பார்கோடுக்குக் கீழே இருக்கும் 13 எண்ணையும் கையால் அடித்து முடிப்பதற்குள் வரிசையில் நிற்பவர் முகம் மாறிவிடும். கியூஆர் அதில் சுத்தமாகப் படிக்காது, அது ஒற்றைக் கோட்டில் மட்டுமே பார்க்கும் கருவி. செல்போன் திரையில் காட்டும் பார்கோடும் அதற்கு ஆகாது.

அடுத்து வயர் இல்லாதது. அரிசி மூட்டை கிடக்கும் இடத்துக்கே எடுத்துக்கொண்டு போகலாம், சௌகரியம்தான். ஆனால் தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் சார்ஜ் தீர்ந்து கையை விரித்துவிட்டது. சார்ஜ் போட மறந்தது என் தப்பு, சரி, ஆனாலும் பில் போடும் மேசைக்கு இனி அது வேண்டாம்.

இப்போது இருப்பது ஸ்டாண்டோடு வந்த வயர் 2டி ஸ்கேனர், அதாவது பார்கோடோடு கியூஆரும் படிக்கும் வகை. உள்ளே கேமரா மாதிரி படம் பிடித்துப் படிக்கிறது, அதனால் பாக்கெட்டைத் தலைகீழாகக் காட்டினாலும் பீப் சத்தம் வந்துவிடும். மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் இதையே வாங்கலாம், 2023 ஆகஸ்ட் முதல் 300 மருந்து பிராண்டுகளில் பார்கோடோ கியூஆரோ கட்டாயம் என்று வந்த பிறகு லேசரை நம்பி உட்கார முடியாது.

ஒரு கூத்தையும் சொல்ல வேண்டும். பருப்பு, மிளகாய்க்கு நாங்களே ஒட்டும் லேபிளின் பார்கோடில் எண்ணோடு ஆங்கில எழுத்தும் உண்டு. ஒருநாள் அந்த லேபிள்களில் எதை ஸ்கேன் செய்தாலும் திரையில் சம்பந்தமில்லாத தமிழ் எழுத்துகள்! ஸ்கேனர் போச்சு என்று விற்றவரிடம் போனில் சண்டையே போட்டுவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, கம்ப்யூட்டருக்கு ஸ்கேனரும் ஒரு கீபோர்டுதான். வாடிக்கையாளர் பெயரைத் தமிழில் அடித்துவிட்டு நான் ஆங்கிலத்துக்கு மாற்றவே இல்லை. அதேபோல, ஸ்கேன் செய்த எண் திரையில் கட்டத்தில் விழுந்து, அடுத்ததற்குப் போகாமல் அப்படியே நின்றால் கூட வரும் கையேட்டில் 'என்டர்' என்று போட்ட பார்கோடை ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள், தீர்ந்தது.

பழைய லேசரை வீசவில்லை. குடோனில் பெட்டி எண்ணுவதற்கு இன்றும் அதுதான்.