வளரும் ஹாக்கி வீரருக்கு ஊர் மண் மைதானமா, செயற்கைப் புல் விடுதியா?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகள் பலர் மட்டை பிடிக்கப் பழகுவது பள்ளி மண் மைதானத்தில்தான். அது குறையே இல்லை. 156–163 கிராம் எடைப் பந்து கல்லில் பட்டுத் துள்ளும். கண்ணும் மணிக்கட்டும் அதற்குப் பழகிவிடும். ஆனால் மட்டையை நிமிர்த்தியே பந்தை நிறுத்தும் வழக்கமும் ஒட்டிக்கொள்ளும்.

நீர் தெளித்த செயற்கைப் புல்லில் பந்து வழுக்கிக்கொண்டு வரும். முழங்காலை மடித்து, மட்டையைத் தரையோடு படுக்கவைத்துத் தடுக்க வேண்டும். டிராக் ஃபிளிக், அதாவது பந்தை மட்டையோடு ஒட்டி இழுத்துக் கோலை நோக்கி வீசும் அடி, அங்கேதான் அமையும். மண்ணில் இழுத்தால் பந்து பாதியிலேயே துள்ளும், காம்போசிட் (மரமல்லாத, இழைக் கலவை) மட்டையின் முனையும் தேயும்.

13 வயதுவரை ஊரே போதும். அதன்பின் கோவில்பட்டி போலச் செயற்கைப் புல் உள்ள ஊரின் விளையாட்டு விடுதித் தேர்வுக்கு அனுப்புங்கள். தொடக்கத்தில் பிள்ளையின் ஆட்டம் மந்தமாகத் தெரியும். குனிந்தே ஓடுவதால் முதுகும் தொடையின் பின்தசையும் வலிக்கும். அதைப் பார்த்துத் திரும்ப அழைத்துவிடாதீர்கள்.