கல்லடிப் பாலத்தடித் தேநீர்க் கடை

மட்டக்களப்பில் கிரிக்கெட்டைக் கூடியிருந்து பார்க்க விரும்புவோருக்கு, கல்லடிப் பாலத்துக்கு அண்மையிலுள்ள இச்சிறு கடையை மனமாரப் பரிந்துரைக்கிறேன். இலங்கை அணியின் பதினொருவர் பெயர்கள் தொலைக்காட்சியில் தோன்றியதுமே, துடுப்பாட்ட வரிசையில் ஏழாம் இலக்கத்தில் சகலதுறை வீரர் வேண்டுமா, இன்னொரு சுழற்பந்து வீச்சாளர் வேண்டுமா என்று தொடங்கும் விவாதம், 1996இல் லாகூரில் உலகக் கிண்ணம் வென்ற அணியையும் முரளிதரனின் 800 டெஸ்ட் விக்கெட்டுகளையும் சாட்சிக்கு இழுத்து, இஞ்சி போட்ட பிளேன்ரீ ஆறும்வரை நீளும். பெரியவர் ஒருவர் சோடா மூடிகளை மேசையில் பரப்பி, களத்தடுப்பை எனக்குப் பொறுமையாக விளக்கினார்.

நகரிலுள்ள வெபர் மைதானத்தில் விளையாடி வளர்ந்தவர்களோ கூடைப்பந்தின் விறுவிறுப்புக்கு எதுவும் ஈடில்லை என்பார்கள். 1991 முதல் நமது தேசிய விளையாட்டான கரப்பந்தாட்டத்துக்கே என் வாக்கு. உளுந்து வடை சூடாகவும் மொறுமொறுப்பாகவும் கிடைக்கிறது. மின்விசிறி ஒன்றே இருப்பதால் மாலை நான்கு மணிக்கு முன்னரே சென்று இடம்பிடிப்பது நல்லது.