24 வோல்ட் உள்ளீட்டில் சர்ஜைத் தடுக்க எது: டிவிஎஸ் டையோடா, வேரிஸ்டரா, வாயுக் குழாயா?

24 வோல்ட் டிசியில் இயங்கும் ஒரு கட்டுப்பாட்டுப் பலகையை எடுத்துக்கொள்வோம். அதன் நுழைவாயிலில் உள்ள எல்எம்2596 ரெகுலேட்டரின் (மின்னழுத்தத்தைக் குறைத்துச் சீராகத் தரும் சில்லு) உள்ளீட்டு உச்சவரம்பு 45 வோல்ட். சர்ஜ், அதாவது திடீர் மின்னழுத்த எழுச்சி, வரும்போது மின்னழுத்தத்தை அந்த 45-க்குக் கீழே பிடித்து நிறுத்தும் பாகம் எதுவோ, அதுவே இங்கே காப்பு. மற்றவை எவ்வளவு பெரிய மின்னோட்டத்தைத் தாங்கினாலும் ரெகுலேட்டருக்கு அதனால் பயனில்லை.

எஸ்எம்பிஜே24ஏ என்ற டிவிஎஸ் டையோடு (வரம்பு மீறும் மின்னழுத்தத்தைத் தானே கடத்தி அடக்கும் டையோடு) 24 வோல்ட் வரை ஏறக்குறையக் கடத்தாமல் இருந்து, 26.7 வோல்ட்டுக்கு மேல் முறிவுநிலைக்குச் சென்று, 15.4 ஆம்பியர் பாயும்போது முனைகளுக்கிடையே 38.9 வோல்ட்டைக் காட்டும். இவ்விரண்டையும் பெருக்கினால் வருவதுதான் டேட்டாஷீட்டின் முதல் வரியில் இருக்கும் 600 வாட். அதுவும் 10/1000 மைக்ரோநொடி அலைவடிவத்துக்கு (10-இல் உச்சம் தொட்டு, 1000-இல் பாதியாகக் குறையும் துடிப்பு) மட்டுமே. பாகத்தை 24 வோல்ட் என்ற பெயரைப் பார்த்தே தேர்ந்தெடுப்பவர்கள் பலர். நான் முதலில் பார்ப்பது 38.9 என்ற எண்ணைத்தான்.

அதே வேலைக்கு 31 வோல்ட் டிசி மதிப்புள்ள 14 மி.மீ. வட்டு வேரிஸ்டரை (மின்னழுத்தம் கூடினால் மின்தடை குறையும் பாகம்) வைத்தால், 10 ஆம்பியர் அளவிலேயே மின்னழுத்தம் 70 வோல்ட்டைத் தாண்டிவிடும். ஆயிரம் ஆம்பியர் அளவிலான குறுந்துடிப்பைக்கூட அது விழுங்கும் என்பது உண்மை. ஆனால் அதற்குள் ரெகுலேட்டர் போயிருக்கும். மேலும், துத்தநாக ஆக்சைடு மணிகளால் ஆன அந்த வட்டு ஒவ்வொரு பெரிய சர்ஜிலும் சிறிது தேய்கிறது. கசிவு மின்னோட்டம் கூடி, நாளடைவில் அதுவே சூடேறத் தொடங்கும். டிவிஎஸ் தன் வரம்புக்குள் இருக்கும்வரை இப்படித் தேய்வதில்லை.

வேரிஸ்டர் மெதுவானது என்ற பேச்சு பாதிதான் சரி. பொருள் வேகமானதே, தாமதம் பெரும்பாலும் அதன் நீண்ட கால்களில் இருக்கிறது. இந்தக் குறை டிவிஎஸ்ஸையும் விடுவதில்லை என்பதை என் பலகையிலேயே கற்றேன்: இடமில்லை என்று, தரவுக் கம்பியிலிருந்து 1 செ.மீ. கிளைத்தடம் இழுத்து அதன் முனையில் டையோடை வைத்திருந்தேன். 1 செ.மீ. தடத்துக்குச் சுமார் 10 நானோஹென்றி தூண்டல் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் பண்பு) உண்டு. 8 கிலோவோல்ட் நிலைமின் சோதனையின் முதல் உச்சம் ஏறக்குறைய 1 நானோநொடியில் 30 ஆம்பியருக்கு ஏறுகிறது. தடத்தில் மட்டுமே எழுவது 300 வோல்ட். டையோடு சரியாகவே வேலை செய்தது, ஐசிதான் செத்தது. அதன்பின் உள்ளீட்டுத் தடம் டையோடின் பேடு (பாகத்தைப் பற்றவைக்கும் செப்புத் திட்டு) வழியாகவே போகும்படி வரைகிறேன்.

அதிவேகத் தரவுக் கம்பிகளில் வேறொரு சிக்கல். மின்வழங்கலுக்கான டிவிஎஸ்ஸின் மின்தேக்குத்திறன் நூற்றுக்கணக்கான பிகோஃபாரட் என்பதால் யுஎஸ்பி சிக்னல் அதில் கரைந்துவிடும். அங்கே 1 பிகோஃபாரடுக்கும் குறைவான தனி வகையே வேண்டும்.

வாயுக் குழாய் (உள்ளிருக்கும் வாயுவில் மின்வில் மூட்டி சர்ஜைக் கடத்தும் பாகம்) அந்த வகையில் தூய்மையானது: சுமார் 1 பிகோஃபாரட், பல கிலோஆம்பியர். ஆனால் வேகமாக ஏறும் சர்ஜில் நூற்றுக்கணக்கான வோல்ட்டுக்குப் பிறகே பற்றுகிறது. பற்றிய பின் மின்வில்லின் மின்னழுத்தம் 24-க்கும் கீழே விழக்கூடும் என்பதால், சர்ஜ் போன பிறகும் நம் மின்வழங்கியே அதை அணையவிடாமல் எரியவைக்கலாம். ஆன்டெனா, தொலைபேசிக் கம்பிகளுக்கு அது பொருந்தும்; இந்தப் பலகைக்குத் தனியாகப் பொருந்தாது.

ஆக, இங்கே என் தேர்வு டிவிஎஸ். நீண்ட வெளிக்கம்பி வழியே பெருஞ்சர்ஜ் வரும் இடமானால் வாசலில் வேரிஸ்டரும் உள்ளே டிவிஎஸ்ஸும் வைக்கலாம். ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு தூண்டுச்சுருளோ சிறு மின்தடையோ கட்டாயம். அது இல்லையேல் குறைந்த மின்னழுத்தத்தில் கடத்தும் டிவிஎஸ்ஸே முழுச் சுமையையும் வாங்கிக்கொள்ள, வேரிஸ்டர் சும்மா நிற்கும். அளவு மீறிய டிவிஎஸ் பெரும்பாலும் ஷார்ட்டாகித்தான் சாகும். அதனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு ஃபியூஸ் இருக்க வேண்டும்.