அம்மைக்க காதுல மாட்டுன ஹெட்போனும், ராத்திரி வந்த நர்ஸும் (ஊர்ப் பயண அனுபவம்)

அம்மைக்கு 74 வயசு, முத்தத்துல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு ஒடிஞ்சுபோச்சு. குளச்சல்ல இருந்து நாகர்கோவிலுக்குக் கொண்டுபோய் ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில சேத்தாச்சுன்னு தங்கச்சி போன் பண்ணவும் பர்மிங்காம்ல இருந்து கெளம்பிட்டேன். ஆபரேஷன்ல ஒரு குறையும் இல்ல. எனக்கு வயித்தெரிச்சல் அதுக்குப் பெறவு நடந்ததுதான்.

மறுநாள் காலைல ஒரு பையன் டேப்லெட்டோட வந்தான், அம்மைக்க காதுல ஹெட்போன மாட்டுனான், பத்து நிமிஷம் ஏதோ இங்கிலீஷ்ல ஓடுச்சு, கழட்டிட்டு எங்கிட்ட ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டான். அம்மை கேக்கா, "காது செக் பண்ணவா மக்களே வந்தான்?" காது மெஷின் டிராயர்லயே கெடக்கு, அத எடுத்து மாட்டணும்னுகூட அவனுக்குத் தோணல. வயசானவங்க ஆபரேஷனுக்குப் பெறவு ராத்திரில குழம்பிப் போயிருவாங்க, கண்ணாடியும் காது மெஷினும் போட்டு வச்சாலே அது கொஞ்சம் குறையும், இது தெரிஞ்ச விஷயம்தானே. பில்லுல பாத்தா 'மைண்ட்ஃபுல்னஸ் செஷன் 600 ரூவா'. மைண்ட்ஃபுல்னஸ்னா மூச்சயும் உடம்பயும் பைய கவனிச்சுப் பழகுத பயிற்சி.

எனக்கு ஏன் இவ்வளவு கோவம்னா, நானே முதுகுவலிக்கு பர்மிங்காம்ல இந்த கிளாஸ் போயிருக்கேன். 1979ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல ஜான் கபாட்-சின்ங்கிறவர் ஒரு ஆஸ்பத்திரிலதான் இத ஆரம்பிச்சாரு, தீராத வலியோட கெடந்தவங்களுக்காக, மொத்தம் 8 வாரம். எங்களுக்குச் சொல்லித்தந்த அம்மா முதல் நாளே சொன்னாங்க, வலி போயிரும்னு நம்பி வராதீங்க, மாத்திரைய நிறுத்தாதீங்க, வலியோட சேந்து வார வெப்ராளந்தான் குறையும்னு. கால் விரல்ல இருந்து உச்சந்தல வரைக்கும் ஒவ்வொரு எடமா கவனிக்கதுக்கே எனக்கு மூணு வாரம் ஆச்சு. ஆனா அந்த கிளாஸ்ல சேரதுக்கு நான் அஞ்சு மாசம் காத்துக்கெடந்தேன், அதையும் சொல்லணும்.

அன்னைக்கு ராத்திரி டியூட்டி நர்ஸ் நம்ம பக்கத்துப் பிள்ளதான். அம்மை வாக்கரப் புடிச்சு எந்திரிக்கவே மாட்டேன்னுட்டா. வலிய விட பயந்தான் அவளுக்குப் பெருசு, வலிக்கும்னு நெனச்சே மூச்சப் புடிச்சிக்கிடுவா, உடம்பு முறுக்கிக்கிடும், வலி இன்னும் கூடும். அந்தப் பிள்ள காது மெஷின மாட்டிவிட்டு, கட்டில் ஓரத்துல உக்காந்து, அம்மைக்க கையில இருந்த செபமாலைய பாத்துட்டு, "அம்மா, ஒரு மணிக்கு ஒரு மூச்சு, பைய விடுங்க, கால் தரையில படுதா பாருங்க"ன்னா. அம்மைக்கு ஒரே சந்தேகம், "செபம் சொல்லாம மணி உருட்டுனா மாதா கோவிக்கமாட்டாளா?" "செபமும் சொல்லுங்கம்மா, எடையில மூச்சயும் பாத்துக்கிடுங்க, வலிச்சா வலிக்குன்னு சொல்லுங்க, ஒண்ணும் அவசரம் இல்ல." பத்து மணி உருட்டுன பெறகு அம்மை எந்திரிச்சு நின்னா. நான் வெளிய வராந்தாவுல போய் அழுதுட்டேன்.

அதுக்கு பில்லுல ஒத்த பைசா இல்ல.

டிஸ்சார்ஜ் அன்னைக்கு கவுண்டர்ல சண்டை போட்டேன். ரூவாய்க்காக இல்ல, அத தமிழ்ல, ஒரு ஆளு பக்கத்துல உக்காந்து பண்ணுங்கன்னு சொன்னேன். "ஆப் அப்படித்தான் சார் வருது"ன்னாங்க. 1892ல விவேகானந்தர் உக்காந்து தியானம் பண்ணுன பாறை அரை மணிக்கூறு தூரத்துல இருக்கு, இங்க மூச்சப் பாக்கதுக்கு சொல்லிக்குடுக்க தமிழ்ல ஒரு குரல் கெடைக்கலயாம்!

அந்தப் பிள்ள சொன்னத ஒரு வரி விடாம நோட்டுல எழுதி தங்கச்சிட்ட குடுத்துட்டு வந்திருக்கேன். சாயங்காலம் ஆறு மணிக்கு, வலி மாத்திரை போட்டு அரை மணி கழிச்சு, செபமாலைக்கு முன்னால. நேத்து வீடியோ கால்ல அம்மை வாசப்படி வரைக்கும் நடந்து காமிச்சா.