டென்ஸா, ஐ.எஃப்.டி.யா: முழங்கால் வலிக்கு எந்தக் கரண்ட்?

பிசியோதெரபி நிலையத்தில் ‘கரண்ட் வைத்தார்கள்’ என்று நோயாளிகள் சொல்வது பெரும்பாலும் ஐ.எஃப்.டி. (இன்டர்ஃபெரன்ஷியல் தெரபி, குறுக்கீட்டு மின்சிகிச்சை) என்னும் சிகிச்சையை; வீட்டுக்கு வாங்கி வைத்துக்கொள்ளும் சிறு கருவி டென்ஸ் (TENS, தோல் வழியே நரம்பைத் தூண்டும் மின்கருவி). இரண்டும் தோலில் ஒட்டிய பேடுகள் வழியே மின்துடிப்பைச் செலுத்தி நரம்புகளைத் தூண்டுகின்றன. 1965இல் வலி ஆய்வாளர்களான ரொனால்டு மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் முன்வைத்த வாயில் கட்டுப்பாட்டுக் கோட்பாடே இரண்டுக்கும் விளக்கமாகக் கூறப்படுகிறது. தொடுவுணர்வைக் கடத்தும் தடித்த நரம்பிழைகள் தூண்டப்படும்போது, மெல்லிய இழைகளில் வரும் வலிச்செய்தி தண்டுவடத்திலேயே மட்டுப்படுகிறது. இடித்துக்கொண்ட இடத்தை நம்மையறியாமல் தேய்த்துவிடுவதும் இதே வேலையைத்தான் செய்கிறது.

வேறுபாடு மின்னோட்டத்தில் இருக்கிறது. டென்ஸ் வழக்கமாக நொடிக்கு 80 முதல் 100 துடிப்புகளை நேரடியாக அனுப்பும். 2 முதல் 4 துடிப்புகளாகக் குறைத்து, தசை துடிக்கும் அளவுக்கு வலுவாக வைத்தால், உடலின் சொந்த வலிநிவாரணியான எண்டார்பின் சுரப்பைத் தூண்டும். ஐ.எஃப்.டி.யில் 4000 ஹெர்ட்ஸ் (அதாவது நொடிக்கு 4000 அலைவுகள்), 4100 ஹெர்ட்ஸ் என்னும் இரு மின்னோட்டங்கள் நான்கு பேடுகள் வழியே குறுக்கிட்டு, உடலுக்குள் 100 ஹெர்ட்ஸ் துடிப்பை உருவாக்குகின்றன. உயர் அதிர்வெண்ணுக்குத் தோலின் மின்தடை குறைவு என்பதால் சுருக்கென்ற குத்தல் குறையும் என்பது உண்மையே. ஆனால், ‘ஐ.எஃப்.டி. ஆழமாக இறங்குவதால் கூடுதல் நிவாரணம்’ என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளில் வலிக்குறைப்பில் பெரிய வேறுபாடு பொதுவாகத் தென்படவில்லை. சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்போ, கீழ்முதுகு வலிக்கு இரண்டையுமே பரிந்துரைக்க வேண்டாம் என்று 2016இல் வழிகாட்டியது.

ஆகவே, முழங்கால் தேய்மானத்தில் என் தேர்வு டென்ஸ். ஐ.எஃப்.டி.க்குப் படுத்தோ உட்கார்ந்தோ இருக்க வேண்டும். டென்ஸை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கலாம், தொடைத்தசைப் பயிற்சி செய்யலாம். இந்நிவாரணம் கருவி ஓடும்போதும் நிறுத்திய சற்று நேரத்துக்குமே பெரும்பாலும் நிற்பதால், அந்த இடைவெளியைப் பயிற்சிக்குப் பயன்படுத்த முடிவது சிறிய நன்மையன்று. டென்ஸ் பயனளிக்கவில்லை என்போரில் பலர் லேசான கூச்சம் தெரிந்ததும் அளவைக் கூட்டாமல் விட்டுவிடுகிறார்கள்; வலிக்காமல் தாங்கக்கூடிய அளவுக்கு வலுவாக வைக்க வேண்டும். பேடின் பசை காய்ந்துவிட்டால் கரண்ட் சீராகப் பரவாமல் ஓரிடத்தில் கடிக்கும். அப்போது குறை கருவியில் இல்லை. குத்தலைத் தாங்க இயலாதவர்களுக்கும், பேடைத் தாமே ஒட்டிக்கொள்ள முடியாத முதியவர்களுக்கும் ஐ.எஃப்.டி. பொருந்தும்.

பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மருத்துவரின் அனுமதியின்றி இரண்டையும் தொடக் கூடாது. கழுத்தின் முன்புறத்திலும் கர்ப்பிணியின் வயிற்றிலும் பேடை ஒட்டலாகாது. நீரிழிவால் கால் மரத்துப்போனவர்களுக்குக் கரண்ட் கூடுவது உணர்வில் தெரியாது. தோல் புண்ணான பிறகே தெரியவரும்.