முன்னாள் வீரர் நடத்தும் சிறுவர் கால்பந்து வகுப்பு: சேர்க்கலாமா?

ஓய்வுபெற்ற தொழில்முறை வீரர் நடத்தும் வகுப்புக்குப் பெற்றோர் பணம் கட்டுவது பெரும்பாலும் பேனரில் இருக்கும் முகத்துக்காக. அந்த முகம் வாரத்தில் எத்தனை நாள் மைதானத்தில் நிற்கும் என்பதை முதலில் கேளுங்கள். பல இடங்களில் தொடக்க விழாவுக்கும் பரிசளிப்புக்கும் வருவதோடு சரி. மற்ற நாட்களில் விசில் உதவியாளர் கையில். உதவியாளர் கெட்டிக்காரராக இருந்தால் தவறே இல்லை. ஆனால் நீங்கள் எடைபோட வேண்டியது அவரைத்தான்.

அந்த முன்னாள் வீரரே நேரில் வருகிறார் என்றே வைத்துக்கொள்வோம். அவரிடம் மட்டும் கிடைப்பது எது? பந்து வரும் முன்பே தோளுக்குப் பின்னால் ஒருமுறை பார்த்துக்கொள்வது, உடலைப் பக்கவாட்டில் திறந்து வைத்து, பந்திலிருந்து தள்ளியிருக்கும் காலால் அதை வாங்குவது, தடுக்கும்போது பாய்ந்து விழாமல் எதிராளியை ஓரக்கோட்டுப் பக்கமே ஒதுக்கிக்கொண்டு போவது. பாடமாகப் படித்தவரும் இதைச் சொல்லுவார். எந்த நொடியில் செய்ய வேண்டும் என்பது ஆடியவருக்குத்தான் தெரியும். 13 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு இதற்காகவே கட்டணம் கொடுக்கலாம்.

சின்னப் பிள்ளைகள் விஷயம் வேறு. நீண்டகாலம் ஆடியவருக்குப் பந்தை நிறுத்துவது மூச்சு விடுவது மாதிரி. அதை எட்டு வயதுப் பிள்ளைக்குப் பிரித்துச் சொல்ல வராமல், செய்து காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். இன்னொரு பழக்கம், தனக்குக் கிடைத்த பயிற்சியையே அளவு குறைத்துக் கொடுப்பது: மைதானத்தைச் சுற்றி ஓட்டம், பிறகு வரிசையில் நின்று ஷூட்டிங். கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டுப் பேர் ஒரே வரிசை, ஆளுக்கு 15 நொடி என்றால் ஒருவர் முறை இரண்டு நிமிடத்துக்கு ஒருதரம். 20 நிமிடத்தில் பத்தே உதை. மிச்ச நேரம் முன்னால் நிற்பவரின் சட்டையை இழுப்பதில் போகும். அதே எட்டுப் பேரை 30க்கு 20 மீட்டர் கட்டத்தில் நாலுக்கு நாலு ஆடவிட்டால், பந்து இல்லாதவருக்கும் ஓட வேலை இருக்கும். பத்து வயதுக்குக் கீழே என்றால், பெயர் பெற்ற வீரரைவிடக் குழந்தைகளோடு பழகத் தெரிந்த சாதாரண கோச்சே மேல்.

பந்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். 8 முதல் 12 வயது வரை 4ஆம் எண் பந்து வேண்டும்: சுற்றளவு 63.5 முதல் 66 செ.மீ., எடை 350 முதல் 390 கிராம். பெரியவர்களின் 5ஆம் எண் பந்து 410 முதல் 450 கிராம். கனமான பந்தில் கல்லாகக் காற்றடித்துக் கொடுத்தால், பிள்ளைகள் புறங்காலால் அடிக்கப் பயந்து விரல் நுனியால் குத்தப் பழகிவிடுவார்கள். அதைப் பின்னால் மாற்றுவது பெரும்பாடு. ஆளுக்கொரு பந்து இல்லாத வகுப்பும் வேண்டாம்.

தலையால் முட்டும் பயிற்சி எந்த வயதில் தொடங்கும்? அமெரிக்கக் கால்பந்து அமைப்பு 2015இல் 10 வயது வரை அதைத் தடை செய்தது. 11 முதல் 13 வரை பயிற்சியில் அளவு வைத்தது. இங்கிலாந்து 2020இல் தொடக்கப்பள்ளி வயதினரின் பயிற்சியிலிருந்தே எடுத்துவிட்டது. இதைக் கேட்டுச் சிரிக்கும் பழைய வீரர்கள் உண்டு.

அதைவிடப் பெரிய விஷயம் வலி. உயரம் மளமளவென்று ஏறும் காலத்தில் (பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 14 வயதையொட்டி) சிலருக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழேயும் குதிகாலிலும் வலி வரும். வளரும் எலும்பில் தசைநார் பற்றியிருக்கும் இடம் திரும்பத் திரும்ப இழுபடுவதுதான் காரணம். ஓட்டத்தையும் குதிப்பதையும் குறைக்க வேண்டும். விடாத வலிக்கு மருத்துவரிடம் காட்ட வேண்டும். ‘நாங்கள் வலியோடுதான் ஆடினோம்’ என்று பெருமை பேசுபவரிடம் விட்டால் மாதக்கணக்கில் உட்கார வேண்டி வரலாம். காயத்தைத் தடுக்கும் வார்ம் அப் திட்டமான ஃபிஃபா 11+ தெரியுமா என்று கேளுங்கள்: 15 பயிற்சிகள், சுமார் 20 நிமிடம், 14 வயதுக்கு மேல். அதற்குக் கீழே உள்ளவர்களுக்குத் தனி வடிவம் இருக்கிறது.

பயிற்சியாளர் உரிமம் பற்றிச் சுருக்கமாக: ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பில் கீழிருந்து மேலாக டி, சி, பி, ஏ, ப்ரோ என்று வரிசை. எழுத்து உயர உயரப் பெரியவர்களின் அணியை நடத்தும் படிப்பு கூடும். ஆகவே ஏ உரிமம் இருக்கிறது என்பதற்காக ஏழு வயதுக்காரரைச் சமாளிப்பார் என்று நினைத்துவிடாதீர்கள்.

கிளம்பும் முன் தூக்கி நகர்த்தும் கோல்போஸ்டை மெல்லத் தள்ளிப் பாருங்கள். தரையில் கட்டாத போஸ்ட் சாய்ந்து பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். அது ஆடினால் மற்ற எதையும் விசாரிக்க வேண்டியதில்லை.