48 முட்டை இன்குபேட்டர் - மூணு தடவ குஞ்சு பொரிச்சுப் பாத்துட்டு எழுதறேன்

வணக்கம்ங்க. நாங்க தாராபுரம் பக்கம் தோட்டத்துல இருக்கோம், வீட்டுக்கு முட்டைக்கும் கறிக்கும்னு சிறுவிடைக் கோழி (சின்ன ஒடம்பு நாட்டுக் கோழி) ஒரு பதினஞ்சும் சேவல் ரெண்டும் வளக்கறேன். போன ஐப்பசில ஆன்லைன்ல 5,400 ரூபா குடுத்து 48 முட்டை வெக்கற ஆட்டோமேட்டிக் இன்குபேட்டர் ஒண்ணு வாங்குனேன். கம்பெனி பேரு வேண்டாம், இந்த தெர்மாகோல் மூடி போட்ட மாடலு பத்து பேர்ல வருது, உள்ளுக்குள்ள எல்லாம் ஒண்ணுதான். வாங்கி ஒரு வாரத்துல ரிவ்யூ எழுதுனா அது யாருக்கும் உதவாது, அதான் மூணு தடவ போட்டுப் பாத்துட்டு இப்ப எழுதறேன்.

முதல்ல எதுக்கு வாங்குனேன்னு சொல்லிடறேன். சிறுவிடை பத்துப் பன்னெண்டு முட்டை வெக்கும், உடனே அடைக்கு உக்காந்துக்கும். 21 நாள் அடை, அப்புறம் குஞ்சுகளோட ரெண்டு மாசம் சுத்தும், அது வரைக்கும் முட்டை கிடையாது. வீட்ல ரெண்டு புள்ளைங்க இருக்கு, தினமும் நாலு முட்டையாவது வேணும். அடைக்கு வந்த கோழிய தெளிய வெக்க ஊர்ல மூக்குல இறகு குத்தி விடுவாங்க, எனக்கு அது பாக்கவே பாவமா இருக்கும், அப்பிடி எல்லாம் செய்யவே கூடாதுங்க. காத்தோட்டமான கம்பிக் கூண்டுல மூணு நாலு நாள் தனியா வெச்சாலே அடை தெளிஞ்சுரும். குஞ்சு பொரிக்கற வேலைய மெஷின்ட்ட குடுத்துட்டா கோழி சீக்கிரம் மறுபடி முட்டைக்கு வந்துரும்னு நெனச்சுத்தான் வாங்குனேன்.

மெஷின் வந்தப்ப பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. அடில தண்ணி ஊத்த ரெண்டு வாய்க்கா, மேல உருளை வெச்ச தட்டு, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா தானா முட்டைய உருட்டி விடும், ஒரு சின்ன ஃபேன், வெப்பமும் ஈரப்பதமும் காட்டற டிஸ்ப்ளே. இந்த உருளைத் தட்டு நம்ம ஊர் கோழிக்கு நல்ல விஷயம், ஏன்னா குழி வெச்ச தட்டு எல்லாம் பெரிய முட்டைக்குன்னு செஞ்சது, நம்ம சிறுவிடை முட்டை அதுல லொடலொடன்னு ஆடும், உருளைல அந்தப் பிரச்சன இல்ல.

முதல் தடவ 42 முட்டை வெச்சேன். எல்லாம் அஞ்சாறு நாளுக்குள்ள வெச்ச முட்டை, ஃப்ரிட்ஜ்ல வெக்காதது, கழுவாதது, கூர் முனை கீழ பாக்க எடுத்து வெச்சது. (கடை முட்டைய வெச்சா பொரியுமான்னு பக்கத்து வீட்டு அக்கா கேட்டாங்க. பொரியாதுங்க, நாமக்கல் பண்ணைல முட்டைக் கோழியோட சேவலே விட மாட்டாங்க, அதுல கரு இருக்காது.) ஏழாம் நாள் ராத்திரி ரூம இருட்டாக்கிட்டு செல்போன் டார்ச்சு மேல ஒவ்வொண்ணா வெச்சுப் பாத்தேன், கரு பிடிச்ச முட்டைல செவப்பு நரம்பு சிலந்தி மாதிரி பரவி நடுவுல ஒரு புள்ளி துடிக்கறது தெரியும், அத என் சின்னவன் பாத்துட்டு அன்னிக்கு ராத்திரி தூங்கவே இல்ல. 8 கூமுட்டை எடுத்துப் போட்டேன், மீதி 34.

21ம் நாள் ஒண்ணும் நடக்கல. 22ம் நாளும் இல்ல. 23ம் நாள் சாயங்காலந்தான் முதல் குஞ்சு ஓட்டக் கொத்துச்சு, கடைசில பொரிச்சது 15 தான், அதுலயும் மூணு கால் பலமில்லாம ரெண்டு நாள்ல போயிருச்சு. மனசு விட்டுப் போச்சுங்க. அதே சமயத்துல எங்க அத்தை பழைய கூடைல வைக்கோல் போட்டு ஒரு கோழிய 11 முட்டைல உக்கார வெச்சிருந்தாங்க, அது 10 பொரிச்சுருச்சு. அத்தை ஒண்ணும் குத்திக் காட்டல, "கண்ணு, அவயத்துல (அடைல) உக்காந்த கோழி வயித்துல கை வெச்சுப் பாரு, எப்பிடிக் கொதிக்குதுன்னு. உன்ற பொட்டிக்குள்ள அந்தச் சூடு இருக்குதான்னு பாத்தியா"ன்னாங்க. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. புள்ளைங்களுக்கு ஜொரம் பாக்கற டிஜிட்டல் தெர்மாமீட்டர முட்டைக்கு நடுவுல வெச்சுப் பாத்தா 97.5 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டுது, அதாவது 36.4 செல்சியஸ். மெஷின் டிஸ்ப்ளேல 37.7 ஓடிட்டு இருக்கு! ஃபேன் வெச்ச மெஷின்ல 37.5ல இருந்து 37.8க்குள்ள இருக்கணும், ஒரு டிகிரி கொறஞ்சாலே பொரிக்கறது தள்ளிப் போகும், குஞ்சும் சொத்தையா வரும்.

விக்கறவங்களுக்கு வாட்ஸ்அப்ல வீடியோ அனுப்புனேன். "மேடம், டிஸ்ப்ளேல சரியாத்தானே காட்டுது"ன்னு மூணு நாள் அதையே சொன்னாங்க. அப்புறம் ஒருத்தர் போன்ல வந்து மெனுவுக்குள்ள டிகிரிய ஏத்தி எறக்கி சரி பண்ற எடம் இருக்குன்னு சொல்லிக் குடுத்தாரு, பொறுமையா சொன்னாரு, அத ஒத்துக்கணும். ஆனா அத பொட்டியோட வந்த காயிதத்துலயே போட்டிருந்தா எனக்கு அத்தன குஞ்சு மிஞ்சிருக்கும். நீங்க எந்தக் கம்பெனி மெஷின் வாங்குனாலும் சரி, முட்டை வெக்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் முழுக்க சும்மா ஓட்டி, வேற தெர்மாமீட்டர் வெச்சு சரி பாத்துக்குங்க. இது ஒண்ண மட்டும் கேட்டீங்கன்னா கூடப் போதும்.

ரெண்டாவது தை மாசம். 40 முட்டை, 5 கூமுட்டை போக 35, அதுல 29 பொரிச்சுது! 18ம் நாளோட உருட்டறத நிறுத்தி, உருளைத் தட்ட எடுத்துட்டு, ரெண்டாவது வாய்க்காலயும் வெதுவெதுப்பா தண்ணி ஊத்தி ஈரப்பதத்த 65 சதவீதத்துக்கு மேல கொண்டு வந்துட்டேன், அதுக்கு முன்னாடி வரைக்கும் 50, 55 போதும். கடைசி மூணு நாள் மூடியத் தெறக்கவே கூடாது, தெறந்தா ஈரம் போயி உள் சவ்வு காஞ்சு குஞ்சோட ஒட்டிக்கும், பாதி ஓட்டோட மாட்டிக்கிட்டு செத்துரும். முதல் தடவ ஆசைல நாலஞ்சு வாட்டி தெறந்து பாத்தேன், அதுவும் ஒரு காரணம்னு இப்ப தெரியுது. பொரிச்ச குஞ்சு வயித்துல மஞ்சக் கரு மிச்சம் இருக்கும், ஒரு நாளுக்கு மேல தீனி இல்லாமயே தாங்கும், அதனால பதறி எடுக்க வேண்டியதில்ல. 20ம் நாள் ராத்திரி பொட்டி கிட்ட காத வெச்சா முட்டைக்குள்ள இருந்தே கீச் கீச்னு சத்தம், ஒண்ணு கத்தினா இன்னொண்ணு பதில் சொல்லுது, விடிய விடிய உக்காந்து கேட்டுட்டு இருந்தேன்.

மூணாவது பங்குனில வெச்சது தப்பு. மெஷின் இருந்தது தகரக் கூரை ரூம்ல. இந்த மெஷினுக்கு சூடாக்கத்தான் தெரியும், குளுர வெக்கத் தெரியாது, மத்தியானம் ரூம் சூடே ஏறிப் போயி உள்ள 39ஐத் தாண்டிருச்சு, நான் தோட்டத்துல இருந்தேன், அலாரம் அடிச்சது யாருக்கும் கேக்கல. 30 கரு முட்டைல 11 தான் வந்துச்சு. சித்திரை வைகாசில போடவே போடாதீங்க, போட்டே ஆகணும்னா ஓட்டு வீட்டுக்குள்ள தரைல வெச்சுப் போடுங்க.

கரண்ட் விஷயம். 80 வாட்டுன்னு போட்டிருக்கு, விட்டு விட்டுத்தான் சூடாகுது, ஒரு தடவைக்கு இருபது இருபத்தஞ்சு யூனிட்டு ஆகுது, பெரிய செலவில்ல. கரண்டு போனாத்தான் பயம். ஐப்பசி மழைல ஒரு ராத்திரி அஞ்சு மணி நேரம் இல்ல, கம்பளியச் சுத்தி வெச்சு சமாளிச்சேன். இதுல 12 வோல்ட் பேட்டரி மாட்டற எடம் இருக்கு, அப்புறம் யுபிஎஸ் பேட்டரில இருந்து வயர் குடுத்துட்டேன், இப்ப கவலையில்ல. உருட்டற மோட்டார் ரெண்டாவது தடவ நின்னு போச்சு, வாரண்டில புதுசு அனுப்புனாங்க, ஆனா 19 நாள் ஆச்சு, அந்தத் தடவ 18ம் நாள் வரைக்கும் கைலதான் நாளைக்கு அஞ்சு வாட்டி உருட்டுனேன்.

பொரிச்சதுக்கு அப்புறந்தான் பெரிய வேலைங்க, அத எந்த விளம்பரத்துலயும் சொல்றதில்ல. மெஷின் குஞ்சுக்கு அம்மா கிடையாது. அட்டப் பொட்டி, 60 வாட் குண்டு பல்பு, வாரா வாரம் பல்ப ஒசத்தறது, ராத்திரி குளுந்தா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி அமுங்கிச் செத்துரும், எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்கணும். ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் நோய் வராம இருக்க லசோட்டாங்கற தடுப்பு மருந்த கண்ணுல ஒரு சொட்டு விடணும், மருந்து பாட்டில் நூறு இருநூறு குஞ்சுக்குன்னு வருது, கலக்குனா ஐஸ்லயே வெச்சு ரெண்டு மணி நேரத்துக்குள்ள தீத்தரணும், அதனால நாங்க நாலு தோட்டத்துக்காரங்க ஒரே நாள்ல சேந்து விட்டுக்கறோம்.

இதுக்கு நான் கண்டுபிடிச்ச வழி இதான். மெஷின்ல முட்டை வெக்கற அதே நாள் அடைக்கு வந்த கோழி ரெண்ட நாலஞ்சு முட்டைல உக்கார வெச்சுருவேன். மெஷின்ல பொரிச்ச அன்னிக்கு ராத்திரி ஒம்போது மணிக்கு மேல, லைட்டு போடாம, மடில குஞ்சுகளக் கட்டிட்டுப் போயி ஒவ்வொண்ணா கோழி றெக்கைக்கு அடில தள்ளி விட்டுட்டு ஓட்ட உருவிடுவேன். கருங்கோழி ஒண்ணு மொதல்ல உறுமுச்சு, அப்புறம் ஒடம்ப ஒசத்தி எடம் குடுத்துச்சு பாருங்க, கை நடுங்கிருச்சு எனக்கு. காலைல கொக் கொக்னு கூப்பிட்டுட்டு எல்லாத்தயும் கூட்டிட்டுக் குப்பைக்குப் போகுது, தன் குஞ்சு எது மெஷின் குஞ்சு எதுன்னே பாக்கல. தைல 29ல 23 குஞ்சு இப்பிடி ரெண்டு கோழிட்ட விட்டேன், 20 தேறுச்சு. பல்பு பொட்டில விட்ட 6ல 3 தான் நின்னுச்சு. பருந்து நெழல் பட்டாலே கோழி கத்தற கத்தல்ல குஞ்சு எல்லாம் றெக்கைக்குள்ள ஓடிருது, அத எந்தப் பொட்டி சொல்லித் தரும்.

அப்ப வாங்கலாமான்னா, பத்துக் கோழிக்கு மேல வெச்சிருந்து, சேவல் இருந்து, பேட்டரி வசதியும் இருந்தா வாங்கலாம். அஞ்சுக்கு மூணு ஸ்டார் குடுக்கறேன், டிகிரி தப்பாக் காட்டறதுக்கு ஒண்ணு, மோட்டாருக்கு ஒண்ணு கொறச்சுட்டேன். நாலஞ்சு கோழிதான்னா வேண்டாங்க, ஒரு கூடையும் வைக்கோலும் போதும், அந்தக் காசுல நல்ல பெட்டை நாலு வாங்கிக்கலாம்.

இப்ப மெஷினத் தொடச்சு, வெயில்ல காய வெச்சு, சாக்குல சுத்திப் பரண்ல போட்டிருக்கேன். ஆடிக் காத்து அடங்குனதும் எறக்கணும், அதுக்குள்ள அந்தக் கருங்கோழி மறுபடி அடைக்கு வந்துட்டாத் தேவல.